எட்டே விநாடி!
ஆகாயத்தில் குலுங்கும் விமானமும் நின்று வேலை செய்யும் பணிப்பெண்ணும்

2024-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி.

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானம். உள்ளே 211 பிரயாணிகள். விமானிகளும் பணியாளர்களுமாக 18 பேர்.

லண்டனை விட்டுக் கிளம்பிச் சுமார் பத்து மணி நேரம் ஆகிவிட்டது. பர்மா என்று நம் பெரியவர்கள் சொல்லும் மியான்மர் நாடு கீழே இருந்தது. ஐராவதி ஆறு பாயும் பூமி அது. விமானம் 37 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தது.

காலைப் பலகாரம் பரிமாறும் நேரம். பணிப்பெண்கள் நடைபாதையில் வேலையாக இருந்தார்கள். பிரயாணிகளில் சிலர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விமானம் லேசாக அதிர்ந்தது. "பெல்ட் போடுங்கள்" என்ற விளக்கு எரிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எட்டு வரை எண்ணிப் பாருங்கள். அவ்வளவுதான் நேரம்!

எட்டாவது விநாடியில் விமானம் திடீரென்று கீழே இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் ஆசனத்திலிருந்து கிளம்பினார்கள். தலை போய்க் கூரையில் மோதியது. நின்றுகொண்டிருந்தவர்களும் அப்படியே மேலே போனார்கள். அடுத்த நாலு விநாடிக்குள் எல்லோரும் கீழே வந்து விழுந்தார்கள். தட்டு, தம்ளர், காப்பி, ரொட்டி எல்லாம் சிதறின.

விமானி பாங்காக் நகரில் விமானத்தை இறக்கினார். 73 வயதுப் பிரயாணி ஒருவர் இறந்துவிட்டார். மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 22 பேருக்கு முதுகெலும்பிலும் முதுகுத் தண்டிலும் அடி என்று ஆஸ்பத்திரியின் டாக்டர் அறிவித்தார். ஆறு பேருக்கு மண்டையில் காயம்.

ஆனால் விமானத்துக்கு என்ன ஆயிற்று? இறக்கை முறியவில்லை. எஞ்சின் நிற்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் பத்திரமாகத் தரை இறங்கிவிட்டது!

ஆகாயத்தில் நடக்கும் குலுக்கலைப் பற்றி இதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். விமானம் பிழைத்துக்கொள்ளும். அடி படுவது, கட்டிப் போடாத மனிதருக்குத்தான்.

எல்.ஐ.சி. கட்டிடம் அளவு

"விமானம் 6 ஆயிரம் அடி விழுந்தது" என்று அப்போது பல பத்திரிகைகளில் செய்தி வந்தது. அது சரியல்ல. சிங்கப்பூர் அரசாங்கத்தின் விசாரணை அதிகாரிகள் விமானத்தில் உள்ள பதிவுக் கருவிகளை எடுத்துப் பார்த்தார்கள். விமானம் திடீரென்று இறங்கியது 178 அடிதான். அதற்குச் சுமார் 17 நிமிஷம் கழித்து விமானியே நிதானமாக 31 ஆயிரம் அடிக்கு இறக்கியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

178 அடி என்றால் எவ்வளவு? சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டிடம் இருக்கிறதே, அதன் உயரம் 177 அடி. அதன் உச்சியிலிருந்து தரைக்கு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஐந்து விநாடிக்குள்!

தூரத்தைவிட வேகமாக மாறியதுதான் ஆபத்து. பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பஸ் நின்றுவிட்டது, நம் உடம்பு நிற்கவில்லை. ஆகாயத்தில் இதே கதை மேலும் கீழுமாக நடக்கிறது. விமானம் கீழே போய்விடும். உள்ளே இருக்கும் மனிதர் இருந்த இடத்திலேயே இருப்பார். கூரை வந்து அவர் தலையில் இடிக்கும்.

அன்று அந்த மாற்றம் 0.6 விநாடியில் நடந்திருக்கிறது. கண்ணை இரண்டு தடவை மூடித் திறக்கும் நேரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், 90 கிலோ மூட்டையைப்போலக் கூரையின் பக்கம் தூக்கி எறியப்பட்டார் என்று கணக்குப் போடலாம். இந்த வேகத்தில் எந்தப் பலசாலியாலும் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. "நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்பதெல்லாம் டவுன் பஸ்ஸில் நடக்கும். விமானத்தில் நடக்காது.

காற்றில் பள்ளம் உண்டா?

"விமானம் காற்றுப் பள்ளத்தில் விழுந்தது" என்று சிலர் சொல்வார்கள். காற்றில் பள்ளமும் இல்லை, ஓட்டையும் இல்லை. எல்லா இடத்திலும் காற்று இருக்கிறது. அது ஒரே சீராக ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

காவிரியில் புது வெள்ளம் வரும்போது பாருங்கள். நடு ஆற்றில் தண்ணீர் ஓடும். பாலத்தின் தூண் அருகே சுழலும். பாறை மேலே ஏறி விழும். பரிசலில் போகிறவருக்கு அந்த இடங்களில் தூக்கிப் போடும். ஆகாயமும் அப்படி ஒரு ஆறுதான். கண்ணுக்குத் தெரியாத ஆறு!

வெயிலில் தரை சூடாகும். சூடான காற்று மேலே கிளம்பும். அதன் மேல் பறக்கும் விமானம் ஆடும். அதனால்தான் பகல் விமானத்தைவிட அதிகாலை விமானம் ஆடாமல் போகும் என்று அடிக்கடி பறக்கிறவர்கள் சொல்வார்கள்.

இடி மேகம் இதைவிடப் பொல்லாதது. அதற்குள் காற்று மேலே சீறும், பக்கத்திலேயே கீழே இறங்கும். நல்ல விமானி அதன் பக்கமே போகமாட்டார். சுற்றிக்கொண்டு போவார். நேரமாகிறதே என்று நாம் முணுமுணுப்போம்!

மலை மேல் மோதும் காற்றும் அலை அலையாக எழும். 1966-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி ஜப்பானில் ஒரு பெரிய விபத்து நடந்தது. டோக்கியோவிலிருந்து ஹாங்காங் போகக் கிளம்பிய போயிங் 707 விமானம் பூஜி மலை அருகே பறந்தது. வானம் தெளிவாக இருந்தது. மலையைத் தாண்டி வந்த காற்றின் வேகத்தில் விமானம் ஆகாயத்திலேயே உடைந்தது. 124 பேரும் இறந்தார்கள்.

அது அந்தக் காலம். அப்படி விமானமே உடைவது இப்போது அபூர்வத்திலும் அபூர்வம். 1995-ல் போயிங் 777 விமானத்தின் இறக்கையைச் சோதித்தார்கள். இரும்புச் சட்டத்தில் கட்டி, மேலே வளைத்துக்கொண்டே போனார்கள். இறக்கை நுனி சுமார் 24 அடி உயரம் வளைந்த பிறகுதான் முறிந்தது. பறக்கும்போது வரக்கூடிய மிக அதிகமான பாரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் தாங்கியிருந்தது. ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். இறக்கை வளைவதற்காகவே செய்யப்பட்டது. வளையாவிட்டால்தான் ஒடியும்.

ஐந்தில் நாலு பேர்

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் விமான இலாகா ஒரு புள்ளி விவரம் வெளியிட்டிருக்கிறது. 2009-ம் ஆண்டு முதல் 2022-ம் ஆண்டு வரை அந்த நாட்டு விமானங்களில் காற்றுக் குலுக்கலால் பலத்த காயம் அடைந்தவர்கள் 163 பேர். இவர்களில் பிரயாணிகள் எத்தனை பேர் தெரியுமா? 34 பேர்தான். மீதி 129 பேர் விமான ஊழியர்கள்!

ஒரு விமானத்தில் 200 பிரயாணிகள் இருந்தால் பணியாளர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். 50 ஆசனத்துக்கு ஒருவராவது இருக்கவேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். 200 பேருக்கு நாலு பேர். ஆனால் அடிபட்டவர் ஐந்து பேரை எடுத்தால், அதில் நாலு பேர் இவர்கள்.

ஏன் இப்படி?

காரணம் மிகவும் எளிது. நாம் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் நிற்கிறார்கள்.

விளக்கு எரிந்ததும் நாம் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறோம். பணிப்பெண் உடனே உட்கார முடிவதில்லை. குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போன தாய் திரும்பி வரவேண்டும். தூங்குகிறவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். மேலே உள்ள பெட்டி அலமாரி மூடியிருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். நடைபாதையில் தள்ளுவண்டி நிற்கிறது. சாப்பாடும் பானமும் நிறைந்த வண்டி ஓர் ஆளின் எடையைவிடக் கனமானது. அதை அப்படியே விட்டால் குலுக்கலில் எகிறிப் பிரயாணி மேலேயே விழும். உருட்டிக்கொண்டு போய் அதன் இடத்தில் பூட்டவேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் உட்கார முடியும். சிங்கப்பூர் விமானத்தில் கிடைத்தது எட்டு விநாடி!

இன்னொரு விஷயம். விமானத்தின் வால் பக்கம் ஆட்டம் அதிகம். சமையல் அறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பணிப்பெண்கள் வெந்நீரும் காப்பியும் எடுப்பது அங்கே. உயரமான இரும்பு அலமாரிகளும் கூரான மூலைகளும் அங்கே. கால் முறிவதும், கணுக்கால் பிசகுவதும், முதுகு அடிபடுவதும் அங்கேதான் அதிகம் நடக்கின்றன.

நான் பார்த்தது

போன வருஷம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போனேன். வங்காள விரிகுடாவின் மேலே மேகம் கூடியிருந்தது. விளக்கு எரிந்தது. "எல்லோரும் உட்காருங்கள்" என்று அறிவித்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறவர். முதல் தடவை விமானம் ஏறியவர். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

அந்தப் பக்கத்து ஆசனத்தில் ஒரு கனவான். படித்தவர். அவர் மணியை அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். மூன்றாவது தடவை விடாமல் அழுத்தினார்.

பணிப்பெண் ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். 22, 23 வயது இருக்கும். "என்ன சார் வேண்டும்?" என்று குனிந்து கேட்டார்.

"காப்பி" என்றார் கனவான்.

அந்த நேரம் பார்த்து விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. சிங்கப்பூர் விமானத்தில் நடந்ததைப்போல அல்ல. சின்னக் குலுக்கல்தான். அதற்கே அந்தப் பெண் நிலை தடுமாறி, முழங்கால் ஆசனத்தின் கைப்பிடியில் மோதியது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் முகம் ஒரு விநாடி சுருங்கியது. பிறகு, "பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் சார். கொஞ்ச நேரத்தில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனவான் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாட்டி என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நம்மளை எல்லாம் உட்காரச் சொல்லிட்டு அந்தப் பொண்ணு மட்டும் ஏன் நிக்குது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

நர்சுகள் ஏறிய விமானம்

பணிப்பெண் என்றால் சாப்பாடு கொடுக்கிறவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆரம்பம் அப்படி இல்லை.

உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் எல்லன் சர்ச் என்ற அமெரிக்கப் பெண். அவர் ஒரு நர்ஸ். விமானம் ஓட்டவும் கற்றவர். விமானி வேலை கேட்டு ஒரு கம்பெனிக்குப் போனார். பெண்ணுக்கு அந்த வேலை இல்லை என்றார்கள். எல்லன் சும்மா திரும்பவில்லை. "பிரயாணிகள் பயப்படுகிறார்கள். வாந்தி எடுக்கிறார்கள். கவனிக்க நர்சுகளை ஏற்றுங்கள்" என்று யோசனை சொன்னார்.

கம்பெனி ஒப்புக்கொண்டது. எட்டு நர்சுகளைச் சேர்த்தார்கள். 1930-ம் ஆண்டு மே 15-ந் தேதி எல்லன் சர்ச் முதல் பிரயாணம் போனார். சிக்காகோ நகருக்குப் போக 20 மணி நேரம். வழியில் 13 இடத்தில் நின்று போயிற்று!

அன்றைய விமானங்கள் இன்றுபோல மேகத்துக்கு மேலே போக முடியாதவை. தாழ்வாகப் பறக்கும். குலுக்கல் ஓயாது. ஆசனங்கள் தரையில் சரியாக முடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதுகூட அந்த நர்சுகளின் வேலைதான். ஆக, இந்த உத்தியோகமே குலுக்கலில் பிறந்த உத்தியோகம் என்று சொல்லலாம்.

இன்றைக்கும் பணிப்பெண்ணின் முதல் வேலை காப்பி கொடுப்பது அல்ல. விமானத்துக்கு ஆபத்து வந்தால் எல்லோரையும் வெளியே கொண்டு வருவது. விமானத்தின் பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, 90 விநாடிக்குள் அத்தனை பேரும் இறங்க முடியும் என்று காட்டினால்தான் ஒரு புது ரக விமானத்துக்கு அனுமதி கிடைக்கும்.

2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி டோக்கியோவில் என்ன நடந்தது? ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரை இறங்கும்போது, ஓடுபாதையில் நின்ற இன்னொரு விமானத்தில் மோதியது. தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று பார்த்து, கத்திக் கட்டளையிட்டு அவர்களை இறக்கியவர்கள் பணியாளர்கள். பிறகு விமானம் எரிந்து சாம்பலாயிற்று.

காப்பிக்காக மணி அடிக்கும்போது இதை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்தப் பெண்ணின் கால் முறிந்தால், அவசரக் கதவை யார் திறப்பது?

ரேடாருக்குத் தெரியாது

"விமானிக்கு முன்கூட்டியே தெரியாதா?" என்று கேட்கலாம்.

விமானத்தின் மூக்கில் ரேடார் இருக்கிறது. அது மழைத் துளியையும் ஆலங்கட்டியையும் கண்டுபிடிக்கும். வெறும் காற்றைக் கண்டுபிடிக்காது. வெகு உயரத்தில் மணிக்கு நூறு, நூற்றைம்பது மைல் வேகத்தில் ஜெட் காற்று என்று ஒரு காற்று ஓடுகிறது. அதன் ஓரத்தில் மேகமே இல்லாமல் கொந்தளிப்பு இருக்கும். வானம் நீலமாக இருக்கும். விமானி கண்ணுக்கும் தெரியாது, ரேடாருக்கும் தெரியாது.

மேகம் தெரிந்தாலும் சில சமயம் நேரம் இருப்பதில்லை. 2022-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி ஹவாய்த் தீவுக்கு ஒரு விமானம் போயிற்று. தரை இறங்கச் சுமார் 40 நிமிஷம் இருந்தது. வானிலை நன்றாகவே இருந்தது. திடீரென்று விமானத்தின் எதிரே ஒரு மேகம், புகை கிளம்புவதைப்போல நேராக மேலே எழும்பியது. விமானி தலைமைப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, குலுக்கல் வரலாம் என்று சொன்னார். சொல்லி மூன்று விநாடிக்குள் விமானம் அதில் மாட்டிக்கொண்டது. 25 பேருக்குக் காயம். ஆறு பேருக்குப் பலத்த காயம். விமானத்துக்குச் சேதம் சொற்பம்தான்!

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2022-ம் ஆண்டு மே 1-ந் தேதி மும்பையிலிருந்து துர்காப்பூர் போன ஸ்பைஸ்ஜெட் விமானம், இறங்கும் நேரத்தில் புயல் மேகத்தில் சிக்கியது. பிரயாணிகளுக்கும் பணியாளர்களுக்கும் அடி. காயமடைந்த பிரயாணி ஒருவர் பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, பிறகு இறந்துபோனார்.

இது குறையப் போவதாகவும் தெரியவில்லை. இங்கிலாந்தில் ரீடிங் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2023-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அட்லாண்டிக் கடல் மேலே நிறைய விமானம் போகும் வழியில், தெளிந்த வானத்தில் வரும் கடுமையான கொந்தளிப்பு, 1979-ம் ஆண்டில் இருந்ததைவிட 2020-ல் 55 சதவிகிதம் அதிகம். பூமி சூடாக ஆக, மேலே ஓடும் காற்றின் போக்கு மாறுகிறது என்கிறார்கள்.

விமானங்கள் தாங்கள் பட்ட குலுக்கலைத் தானாகவே அளந்து, பின்னால் வருகிற விமானங்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. முன்னே போன வண்டிக்காரன் "பாதையில் பள்ளம்" என்று பின்னே வருகிறவனுக்குக் குரல் கொடுப்பதைப்போல. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அதில் சேரவில்லை.

நூடுல்ஸ் நின்றது

சிங்கப்பூர் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனிகள் விழித்துக்கொண்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் புது உத்தரவு போட்டது. முன்பு விளக்கு எரிந்தால் சூடான பானம் மட்டும் நிறுத்துவார்கள். புது உத்தரவின்படி சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்திவிட வேண்டியிருந்தது. பணியாளர்களும் போய் உட்கார்ந்து பெல்ட் போடவேண்டியிருந்தது.

கொரியன் ஏர் கம்பெனி 2024 ஆகஸ்டு முதல் சாதாரண வகுப்பில் கோப்பை நூடுல்ஸ் கொடுப்பதை நிறுத்திற்று. கொரியாக்காரர்களுக்கு விமானத்தில் அதைச் சாப்பிடுவதில் கொள்ளை ஆசை. ஆனால் அது கொதிக்கக் கொதிக்க ஊற்றிய நீர். குலுங்கினால் மடியில் கொட்டும், பக்கத்தில் இருப்பவர் மேலும் கொட்டும். இதே கம்பெனி, தரை இறங்குவதற்கு 40 நிமிஷம் முன்பே உபசார வேலைகளை முடித்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. முன்பு 20 நிமிஷம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. குலுக்கலில் காயம் ஏற்படும் சம்பவங்கள் பல, விமானம் கீழே இறங்கும்போதுதான் நடக்கின்றன. மேகங்கள் நிறைந்த உயரத்துக்கு வருகிறோம். பணிப்பெண்களோ காலித் தம்ளர்களைச் சேகரித்துக்கொண்டு நடக்கிறார்கள். இவர்களை முன்கூட்டியே உட்கார வைக்கவேண்டும் என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை போர்டு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் யோசனை சொல்லியிருக்கிறது. எல்லா நாடுகளும் இதைச் சட்டமாகச் செய்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு காப்பி குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

திடீரென்று மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பணியாளர்களுக்குப் பயிற்சி உண்டு. தம் ஆசனத்துக்கு ஓடக்கூடாது. பக்கத்தில் எந்த ஆசனம் காலியோ அதில் உட்காரவேண்டும். காலி இல்லையா? நடைபாதையிலேயே தரையில் உட்கார்ந்து ஆசனத்தின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் வெந்நீர்க் கெண்டியைத் தரையில் வைத்துவிட வேண்டும். பணிப்பெண் இப்படி உட்காருவதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மடியில் குழந்தை

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். டிக்கெட் செலவு மிச்சம்தான். ஆனால் பெரிய குலுக்கல் வந்தால் தாயின் கையால் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. பத்துக் கிலோ குழந்தை அந்த நேரத்தில் பத்துக் கிலோவாக இருக்காது. குழந்தைக்குத் தனி ஆசனமும், அதில் பொருத்தும் குழந்தை இருக்கையும் இருந்தால்தான் முழுப் பாதுகாப்பு என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

வசதி இல்லாதவர்கள் பணிப்பெண்ணிடம் குழந்தைக்கான சின்ன பெல்ட் கேட்டு வாங்கலாம். நம் நாட்டு விமானங்களில் கொடுக்கிறார்கள். அதைத் தாயின் பெல்ட்டோடு கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டவேண்டும். தாயின் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டக்கூடாது. தாயின் பாரமே குழந்தையை நசுக்கிவிடும்.

பெரியவர்களுக்கு இதில் கற்க ஒன்றும் இல்லை. விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டை அவிழ்க்காமல், கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டால் போதும். தூங்கும்போது போர்வைக்கு மேலே தெரியும்படி மாட்டிக்கொள்ளவேண்டும். பணிப்பெண் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நம்மை எழுப்பவும் மாட்டார். அவருக்கும் ஒரு நிமிஷம் மிச்சம், சீக்கிரம் போய் உட்காரலாம்.

இறங்கும்போது

சிங்கப்பூரில் எங்கள் விமானம் பத்திரமாக இறங்கியது. மேலே இருந்த பைகளை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். காப்பி கேட்ட கனவான் முதல் ஆளாகப் போய்விட்டார்.

பாட்டியை நான் கைபிடித்து அழைத்து வந்தேன். கதவருகே அந்தப் பணிப்பெண் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலில் பாரம் போடாமல் சாய்ந்து நின்றார்.

பாட்டி அவர் முன்னால் நின்றுவிட்டார். "முட்டி வீங்கியிருக்கா கண்ணு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வலிக்குதும்மா. பரவாயில்லை."

"வீட்டுக்குப் போய் உப்பு ஒத்தடம் குடு."

அந்தப் பெண் சிரித்தார். "வீடு சென்னையிலம்மா. இன்னும் ஒரு மணி நேரத்தில் இதே விமானம் திரும்புது. இங்கேயிருந்து ஏறுகிறவங்களுக்குச் சாப்பாடு கொடுக்கணும்" என்றார்.

பாட்டி தம் பையைத் திறந்தார். மகனுக்கென்று கொண்டு வந்த சாமான்களுக்கு நடுவே தைலப் புட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டு இறங்கினார்.